கடல்ல மட்டுமே முங்கினவன் கல்குவாரில இறங்கப் போறேன், என்னென்ன மாறும்?

கடல்குருவி:

வணக்கம் மக்களே. நான் ஓப்பன் வாட்டர்ங்கற முதல் கட்ட டைவிங் பயிற்சி முடிச்சதும் கடல்லதான் அதுக்கப்புறம் டைவ் பண்ணதும் கடல்லதான், எல்லாமே வெதுவெதுப்பான தண்ணி, 3 எம்எம் தடிமன் ரப்பர் சூட் போட்டுக்கிட்டு இறங்கி பவளப்பாறைய சுத்திட்டு ஏறி வர்ற கதைதான், குளிர்னா என்னன்னே தெரியாது. இப்ப கூட டைவ் பண்ற ஃப்ரெண்ட் ஒருத்தன் தண்ணி ரொம்பின பழைய கல்குவாரி ஒண்ணுல இறங்கலாம் வாடான்னு கூப்பிடுறான். அங்க அலை கிடையாது, நீரோட்டம் கிடையாது, படகு கிடையாது, கரையிலேர்ந்து நடந்தே இறங்கிடலாம், கடல விட ஈஸின்னு சொல்றான். கேக்க நல்லாத்தான் இருக்கு ஆனா எனக்கு சில டவுட்டு.

கடல்ல மிதக்காம முங்க நான் 6 கிலோ ஈயம் கட்டுவேன், அங்க எவ்ளோ கட்டணும்? சூட் எத்தன எம்எம்? அப்புறம் தண்ணிக்குள்ள பாக்க ஏதாவது இருக்குமா இல்ல வெறும் பாறையும் பாசியும்தானா? கடைசியா ஒண்ணு, அவனுக்கு தெரிஞ்ச இன்னொரு கைவிடப்பட்ட குவாரி இருக்காம், யாருமே வர மாட்டாங்களாம், காவலும் இல்ல கட்டணமும் இல்ல, தண்ணி சும்மா நீலமா இருக்குமாம், முதல்ல அங்கயே போய் பழகலாம்ங்கிறான். போலாமா? அனுபவம் இருக்கறவங்க சொல்லுங்க.

மீன்கொத்தி:

ஈயத்துலேர்ந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா முதல் தடவை குவாரிக்கு வர்றவங்க தடுமாறுறதே இங்கதான்.

கடல் தண்ணி நல்ல தண்ணிய விட ரெண்டரை சதவீதம் கனம். அதனால நல்ல தண்ணி உங்கள மேல தள்றதும் அதே அளவு குறையும். நீங்க, டேங்க், சூட், மத்த சாமான் எல்லாம் சேந்து 100 கிலோன்னு வச்சுக்கங்க, அப்ப சுமார் ரெண்டரை கிலோ ஈயத்த கழட்டணும். அதே சூட், அதே டேங்க்னா உங்க 6 கிலோ மூணரைக்கு வந்துடும். ஆனா அதே சூட்ல நீங்க இறங்கப் போறது இல்லையே? குளிருக்கு 7 எம்எம் போட்டா அந்த சூட் ரப்பர்ல (நியோப்ரீன்) இருக்கற காத்துக்குமிழி உங்கள மேல இழுக்கும், அதுக்கு ஈயம் கூட்டணும். கழிக்கறதும் கூட்டறதும் சேந்து கடைசில என்ன கணக்கு வரும்னு யாரும் நெட்ல உக்காந்து சொல்ல முடியாது, தண்ணில நின்னு செக் பண்ணாத்தான் தெரியும்.

செக் பண்றது எப்படின்னா முழு சாமானும் மாட்டிக்கிட்டு ஆள் மூழ்குற ஆழத்துல அசையாம நில்லுங்க, பிசிடில (காத்து அடைச்சு மிதப்ப கூட்டிக் குறைக்கற ஜாக்கெட்) இருக்கற காத்த மொத்தமா விட்டுட்டு சாதாரணமா மூச்ச இழுத்து பிடிங்க. கண்ணு மட்டத்துல தண்ணி நிக்கணும், மூச்ச விட்டா மெதுவா அமிழணும். டேங்க் ஃபுல்லா இருக்கறப்ப பாத்தீங்கன்னா அதுக்கு மேல இன்னும் 2 கிலோ சேத்துக்கங்க, ஏன்னா வழக்கமான 80 க்யூபிக் ஃபீட் அலுமினிய டேங்க்ல 150 பார் (பார்ங்கறது அழுத்த அளவு) காத்த குடிச்சு முடிக்கறப்ப கிட்டத்தட்ட 2 கிலோ எடை போயிருக்கும், அத விட்டுட்டா கடைசில மேல வர்றதுக்கு முன்னாடி 5 மீட்டர்ல கொஞ்ச நேரம் நிக்கற சேஃப்டி ஸ்டாப்ல நிக்க முடியாம பலூனா மேல கிளம்பிடுவீங்க.

இன்னொண்ணு, தடி சூட் மேல இருக்கறப்ப மிதக்கும், கீழ போகப் போக நசுங்கி மிதப்பும் போயிடும் கதகதப்பும் போயிடும். 3 எம்எம்ல இது பெருசா தெரியாது. 7 எம்எம்ல 15 மீட்டர் தாண்டினா யாரோ காலப் பிடிச்சு இழுக்கற ஃபீல் வரும், அப்ப பிசிடில கொஞ்சம் கொஞ்சமா காத்து விடணும். மறுபடி ஏறுறப்ப அந்த காத்து விரியும், விட்டுக்கிட்டே வரணும், மறந்தீங்கன்னா ராக்கெட்தான்.

அப்புறம் கைல கட்டுற டைவ் கம்ப்யூட்டர்ல நல்ல தண்ணின்னு செட்டிங் இருந்தா மாத்திடுங்க. மாத்தலன்னாலும் குடி முழுகிடாது, அது அளக்கறது அழுத்தத்த, ஸ்க்ரீன்ல காட்டுற மீட்டர்ல மட்டும் ரெண்டு மூணு சதவீதம் வித்தியாசம் வரும். குவாரி கடல் மட்டத்துலேர்ந்து 300 மீட்டருக்கு மேல இருந்தா மட்டும் அது வேற கதை, உயரமான இடத்துல பண்ற டைவ் கணக்குல வந்துடும், கம்ப்யூட்டர் அத தானா எடுத்துக்குமா இல்ல நீங்க செட் பண்ணணுமான்னு மேனுவல பாத்துடுங்க.

சும்மாமுங்கி:

குவாரில பாக்க என்ன இருக்கு? முங்க விட்ட பஸ் ஒண்ணு, முங்க விட்ட படகு ஒண்ணு, எவனோ காமெடிக்கு வச்ச கழிப்பறை பீங்கான் ஒண்ணு. மீன்னு பாத்தா உங்களயே மொறச்சுப் பாத்துட்டு போற நாலு பெர்ச். பச்சத் தண்ணி, குளிர், சேறு. கடல் கிட்டக்க இருந்தா கடலுக்கே போங்க பாஸ், குவாரி எல்லாம் கடல் இல்லாதவன் வேற வழியில்லாம போறது.

இருட்டுக்கிணறு:

சும்மாமுங்கி அண்ணே வழக்கம் போல வந்து ஒரு கல்ல விட்டெறிஞ்சுட்டு போயிட்டாரு. பாக்க ஒண்ணுமில்லன்னு பொதுவா சொல்லாதீங்க. இங்கிலாந்துல ஸ்டோனி கோவ்னு ஒரு பழைய கிரானைட் குவாரி, 1958ல வேலைய நிறுத்தினாங்க, ஊத்துத் தண்ணி ரொம்பிச்சு, இன்னிக்கு அந்த நாட்டு டைவர்ங்க நெறைய பேருக்கு முதல் டைவ் அங்கதான். ஸ்டேன்கார்த்னு ஒரு பழைய இழுவைப் படக 2000ல அங்க முங்க விட்டாங்க. ஜெர்மனில ஹெம்மூர்னு ஒரு சுண்ணாம்புக் குவாரி, பம்ப்ப நிறுத்தினது 1976, ஆழம் 60 மீட்டர் கிட்ட, அந்தக் காலத்து மரமெல்லாம் நின்ன நிலையிலயே தண்ணிக்குள்ள நிக்குது. எஸ்டோனியால ரும்மூன்னு ஒரு இடத்துல பழைய ஜெயில் கட்டடமே முங்கிக் கெடக்கு. அமெரிக்காவுல இலினாய்ல மெர்மெட் ஸ்பிரிங்ஸ்ல போயிங் 727 விமானம் ஒண்ணு. இதெல்லாம் எந்தப் பவளப்பாறைல கெடைக்கும்?

இதெல்லாம் எப்படி ரொம்புதுன்னு தெரிஞ்சா உள்ள என்ன இருக்கும்னு நீங்களே ஊகிச்சுடலாம். நிலத்தடி நீர் மட்டத்துக்கும் கீழ தோண்டுறாங்க, வேலை நடக்கற வரைக்கும் ராத்திரி பகலா பம்ப் ஓடும், மூடினதும் பம்ப நிறுத்துவாங்க, ஊறி ஊறி தானா ரொம்பிடும். ஆறு கலக்கறதில்ல, ஓட்டமில்ல. அதனாலதான் நல்ல நாள்ல தண்ணி அவ்ளோ தெளிவு. அதனாலயேதான் கலங்கினா தெளிய நேரம் புடிக்குது.

கடல்குருவி தம்பிக்கு ரெண்டு விஷயம் சொல்லணும். முதல்ல தரை. குவாரி அடில கெடக்கறது கடற்கரை மணல் கெடையாது, கல் உடைச்ச தூளும் அழுகின இலையும் சேந்த மாவு. கடல்ல அடிக்கற மாதிரி காலை மேலயும் கீழயும் அடிச்சீங்கன்னா கால்ல மாட்டுற ஃபின் கெளப்புற தண்ணி நேரா தரைல மோதி மொத்தமும் மேல கெளம்பும், திரும்பிப் பாத்தா வந்த வழி இருக்காது, பின்னால வர்ற பார்ட்னரும் இருக்க மாட்டாரு. முழங்கால மடிச்சு தவளை கணக்கா பக்கவாட்டுல உதைக்கப் பழகுங்க. உடம்பு படுத்த வாக்குல இருக்கணும், கால் தொங்கக்கூடாது. தரைலேர்ந்து ஒரு ரெண்டு மீட்டர் மேலயே இருங்க. ஏற்கனவே கலங்கிடுச்சா? நின்னுடுங்க. கைய வீசி தேடாதீங்க, அது இன்னும் கலக்கும். ஒரு நிமிஷம் பார்ட்னர தேடுங்க, கெடைக்கலன்னா நிதானமா மேல வந்து அங்க சந்திச்சுக்கங்க. இத இறங்கறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் பேசி வச்சுக்கணும், உள்ள போயி பேச முடியாது.

ரெண்டாவது சுவர். கடல்ல தரை சரிவா போகும், ஆழம் போறது கண்ணுக்கு தெரியும். குவாரிய தட்டு தட்டா வெட்டியிருப்பாங்க, 6 மீட்டர்ல ஒரு தட்டுல ஹாயா நீந்திக்கிட்டிருப்பீங்க, விளிம்பு தாண்டினா அடுத்த தட்டு 20ல, அதுக்கடுத்தது 35ல. செங்குத்து சுவர் ஓரமா இறங்கறப்ப கண்ணுக்கு அளவு புடிபடாது, தண்ணி பச்சயா இருந்தா சுத்தமா புடிபடாது. ஓப்பன் வாட்டர்னா உங்க எல்லை 18 மீட்டர், ஆழம் காட்டுற கேஜ அடிக்கடி பாருங்க. 30க்கு கீழ, மூச்சுக் காத்துல இருக்கற நைட்ரஜன் அழுத்தத்துல குடுக்கற போதை வேற, அதுவும் இருட்டும் குளிரும் சேந்தா இன்னும் தூக்கலா அடிக்கும்.

கடல்குருவி:

மீன்கொத்தி, இருட்டுக்கிணறு ரெண்டு அண்ணாக்களுக்கும் நன்றி, இவ்ளோ இருக்குன்னு நெனைக்கவே இல்ல. கால் அடிக்கறத நீச்சல் குளத்துல பழகிட்டு வர்றேன். ஆனா ஒண்ணு புரியல, குளிர் குளிர்னு எல்லாரும் சொல்றீங்க, போட்டோல வெயில் காலத்துல எல்லாரும் சும்மா டவுசரோட குதிச்சு குளிக்கறாங்களே? மேல 20 டிகிரின்னு போட்ருக்கு. 5 எம்எம் பத்தாதா?

மீன்கொத்தி:

நான் அண்ணா இல்லப்பா அக்கா 😄

அந்த 20 டிகிரி மேல் அடுக்குக்கு மட்டும். குளிர் பிரதேசத்து குவாரின்னா வெயில் காலத்துல சூடான தண்ணி லேசா இருக்கறதால மேலயே தங்கிடும், கலக்க அலையும் இல்ல ஓட்டமும் இல்ல. எட்டு பத்து மீட்டர்ல ஒரு கோடு வரும், அதுக்குப் பேரு தெர்மோக்ளைன், சில சமயம் கண்ணாலயே பாக்கலாம், தண்ணி எண்ணெய் கலந்தாப்ல நெளியும். அத தாண்டினதும் ஃப்ரிட்ஜ் கதவ தொறந்து மூஞ்சிய உள்ள விட்ட மாதிரி இருக்கும், மூச்சு தானா வேகமாகும். நல்ல தண்ணி 4 டிகிரிலதான் ரொம்ப கனமா இருக்கும், அதனால ஆழமான குவாரியோட அடித்தண்ணி வருஷம் பூரா அதுக்கு கிட்டத்துலயே கெடக்கும், மேல எவ்ளோ வெயில் அடிச்சாலும் சரி.

அதனால மேல் வெப்பநிலைய கேக்காதீங்க, நீங்க போகப்போற ஆழத்துல எத்தன டிகிரின்னு அங்க நடத்துறவங்கள கேளுங்க. 10 மீட்டர் தாண்டாம மேலயே சுத்தப் போறீங்கன்னா 5 எம்எம் ஓகே. கீழ போறதா இருந்தா 7, கூடவே தலைய மூடுற ஹூட், கையுறை. 10 டிகிரிக்கு கீழன்னா நான் தண்ணியே உள்ள வராத ட்ரைசூட் இல்லாம இறங்க மாட்டேன், ஆனா அதுக்கு தனியா பயிற்சி எடுக்கணும், சூட்டுக்குள்ள இருக்கற காத்து காலுக்கு போயிடுச்சுன்னா தலைகீழா மேல போவீங்க. வாடகைக்கு எடுத்து முதல் நாளே போட்டுப் பாக்கற சமாச்சாரம் கெடையாது.

குளிர்ல காத்தும் சீக்கிரம் காலியாகும். கடல்ல 50 பாரோட வெளிய வர்ற ஆள் இங்க அதே திட்டம் போடாதீங்க, பாதி டேங்க் ஆனதும் திரும்புங்க. அப்புறம் தடி கையுறைல விரல் மரத்துப் போயிடும், பெல்ட் பக்கிள், பிசிடி பட்டன் எல்லாத்தயும் கண்ண மூடிட்டு தொட்டு அடையாளம் தெரியுதான்னு கரைலயே ஒரு தடவ பாத்துடுங்க.

ஸ்பேனர்:

டேங்க் காத்த வாய்க்கு கொண்டு வர்ற ரெகுலேட்டர் பத்தி யாரும் பேசலையே, எனக்கு வேலையே அதான், சொல்லிட்டுப் போறேன்.

டேங்க்ல 200 பார்ல இருக்கற காத்து, டேங்க் வால்வுல மாட்டுற முதல் ஸ்டேஜ்ல திடீர்னு 10 பார் கிட்ட இறங்குது. அழுத்தம் இறங்கினா காத்து குளிரும், இது இயற்கை. வெது தண்ணில அந்தக் குளிர சுத்தி இருக்கற தண்ணி ஈடு கட்டிடும். 10 டிகிரிக்கு கீழ ஈடு கட்ட முடியாது, முதல் ஸ்டேஜ்ல ஐஸ் கட்டலாம், கட்டினா வால்வு தொறந்தபடியே மாட்டிக்கும், காத்து நிக்காம கொட்டும். அதான் ஃப்ரீஃப்ளோ. ஆழத்துல அப்படி ஆச்சுன்னா ஃபுல் டேங்க்கே சில நிமிஷத்துல காலி.

வெது தண்ணிக்கு வாங்கின சாதா பிஸ்டன் ரெகுலேட்டர தூக்கிட்டு குளிர் குவாரிக்கு வராதீங்க. தண்ணி உள்ள போகாம மூடின டயஃப்ரம் டைப்னா நல்லது. ஐரோப்பால இஎன் 250ன்னு ஒரு தரம் இருக்கு, அதுல 10 டிகிரிக்கு கீழ பயன்படுத்தலாம்னு சொல்ற ரெகுலேட்டர்கள 4 டிகிரில வச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. வாடகைக்கு எடுத்தா குளிர் தண்ணிக்கு ஆகுமான்னு வாய விட்டு கேளுங்க.

பழக்கத்துலயும் கொஞ்சம் கவனம் வேணும். உறைபனி நாள்ல கரைல நின்னுக்கிட்டு சும்மா சும்மா இழுத்துப் பாக்காதீங்க, உங்க மூச்சுல இருக்கற ஈரமே போதும் வாய்ல வைக்கற ரெண்டாவது ஸ்டேஜ்ல ஐஸ் கட்ட. அதுல காத்த வெளிய தள்ளுற பர்ஜ் பட்டன அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க. மூச்ச இழுக்கறப்பவே பிசிடிலயும் காத்து அடைக்காதீங்க, ரெண்டும் சேந்தா முதல் ஸ்டேஜ்ல காத்து பாயுறது கூடிடும், சின்ன சின்னதா அமுக்குங்க. மீறி கொட்ட ஆரம்பிச்சுடுச்சா, வாய இறுக்கி மூடாதீங்க, உதட்டோரமா புடிச்சு மிச்சத்த வெளிய விட்டு வேணுங்கறத மட்டும் உறிஞ்சுங்க, பார்ட்னருக்கு சிக்னல் குடுத்து அவரோட மாத்து ரெகுலேட்டர வாங்கிக்கிட்டு ரெண்டு பேரும் சேந்து மேல வாங்க. குளத்துல இத ஓப்பன் வாட்டர் பயிற்சிலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க, மறந்திருந்தா மறுபடி பண்ணிப் பாருங்க.

வேர்ப்பிடி:

எல்லாரும் முதல் குவாரியப் பத்தியே பேசறீங்க, தம்பி கடைசில கேட்டத ஒருத்தரும் தொடல. அந்த கைவிட்ட குவாரிக்கு போகாதீங்க. பழகறதுக்குன்னு சொல்லி போறதுதான் இருக்கறதுலயே மோசம்.

டைவிங்குக்குன்னு நடத்துற குவாரில யாரோ ஏற்கனவே உள்ள போயி கம்பிய அறுத்து, விழப்போற பாறைய தட்டி, இறங்க படிக்கட்டு போட்டு, 6 மீட்டர்ல பயிற்சி மேடை தொங்க விட்டு, கரைல ஆக்சிஜன் சிலிண்டர் வச்சிருக்காங்க. நீங்க குடுக்கற கட்டணம் அதுக்குதான். கைவிட்ட இடத்துல பழைய கேபிள், இரும்புக் கயிறு, கம்பி வேலி, தூண்டில் நரம்பு எல்லாம் அப்படியே கெடக்கும், மங்கின தண்ணில டேங்க் வால்வுல மாட்டினா உங்களுக்கே எட்டாது. நல்ல குவாரிலயும் ஒரு கட்டர் கைல இருக்கணும், ஆனா அங்க கட்டரும் இரும்புக் கயிற அறுக்காது.

இறங்கறத விட ஏர்றதுதான் அங்க பிரச்சனை. குதிக்க எங்கன்னாலும் குதிக்கலாம். இருவது கிலோ சாமான முதுகுல கட்டிக்கிட்டு, கை மரத்துப் போயி, வழவழன்னு பாசி புடிச்ச செங்குத்து பாறைல எங்க கைய வச்சு ஏறுவீங்க? அதுல பார்ட்னர் மயங்கியிருந்தா? டைவ் பண்ணாம சும்மா குளிக்க குதிச்சவங்களே கரை எட்டுற தூரத்துல குளிர் அதிர்ச்சில மூச்சு தெணறி மூழ்கிப் போறது இந்த மாதிரி எடத்துலதான்.

அப்புறம் அந்த நீலம். நீலமா இருந்தா சுத்தம்னு அர்த்தம் கெடையாது. சுண்ணாம்புத் துகள் தண்ணில மெதந்தாலே வெளிச்சம் சிதறி நீலமா காட்டும். இங்கிலாந்துல பக்ஸ்டன் பக்கத்துல ஹார்பர் ஹில்னு ஒரு பழைய குவாரிய நீலத்துக்காகவே கூட்டம் கூட்டமா குளிக்கப் போனாங்க, அந்தத் தண்ணியோட பிஹெச் 11.3, தோல் எரியற காரம். எத்தன போர்டு வச்சும் ஆளுங்க கேக்கலன்னு கடைசில 2013ல தண்ணில கறுப்புச் சாயத்த ஊத்திட்டாங்க. உலோகம், நிலக்கரி வெட்டின குழின்னா தலைகீழ், அமிலமா இருக்கலாம். சில ஆழமான குழில அடித்தண்ணி வருஷக்கணக்கா மேல கலக்காம ஆக்சிஜனே இல்லாம அழுகின முட்டை வாடையோட கெடக்கும். இதுல எது உங்க ஃப்ரெண்ட் சொல்ற குவாரின்னு அவருக்கு தெரியுமா? அனுமதி இல்லாம நுழையறது தனி.

சும்மாமுங்கி:

இதுல நான் வேர்ப்பிடி கூட. குவாரிய நக்கலடிப்பேனே ஒழிய இந்த மாதிரி எடத்துக்கு போன்னு யாரையும் சொல்ல மாட்டேன். சரி கிண்டலுக்கு பிராயச்சித்தமா ஒண்ணு: வார நாள்ல போ, இல்லன்னா விடிஞ்சதும் போ. சனி ஞாயிறு பத்து மணிக்கு மேல பயிற்சி வகுப்பு எல்லாம் இறங்கி மேடைய சுத்தி மண்டி போட்டு உக்காந்து கலக்கி விட்டுருவாங்க, அப்புறம் உன் கையே உனக்கு தெரியாது. வெயில் கால கடைசில போனா நல்ல தண்ணி ஜெல்லிமீன் வர வாய்ப்பிருக்கு, ஒரு நாணய அளவுதான் இருக்கும், கொட்டாது, நீரோட்டமே இல்லாத தண்ணில நூத்துக்கணக்குல துடிச்சுக்கிட்டு நிக்கும். அத மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இருட்டுக்கிணறு:

பாத்தீங்களா, அண்ணனுக்கும் குவாரி பிடிக்கும், வெளிய சொல்ல மாட்டாரு.

ஒரு சின்ன கூடுதல்: வெளிய வந்ததும் சாமான அலசி, தண்ணிய வடிச்சு, நல்லா காய வச்சுட்டுதான் அடுத்த ஏரிக்கோ குவாரிக்கோ எடுத்துட்டு போகணும். சீப்ரா மட்டி மாதிரி ஐட்டங்களோட குஞ்சு கண்ணுக்கே தெரியாது, பிசிடிக்குள்ள நிக்கற தண்ணிலயே ஊர் மாறிடும். அது வந்த குவாரில தண்ணி வடிகட்டி தெளிவாயிடும்னு சில டைவர்ங்க சந்தோஷப்படுவாங்க, மத்த உயிருக்கு சாப்பாடு போச்சு.

கடல்குருவி:

அக்கா, அண்ணன்கள், எல்லாருக்கும் பெரிய நன்றி. ஃப்ரெண்டுகிட்ட வேர்ப்பிடி எழுதினத அப்படியே காட்டினேன், கொஞ்ச நேரம் முறுக்கிக்கிட்டான், அப்புறம் அந்த கைவிட்ட குவாரி ஐடியாவ விட்டுட்டான். நடத்துற குவாரிக்கே போறோம், வார நாள், காலைல, 12 மீட்டர தாண்டி ஆழமா போறதில்லன்னு பேசிட்டோம். 10 மீட்டர்ல 11 டிகிரின்னு சொன்னாங்க, 7 எம்எம்மும் ஹூட்டும் கையுறையும் வாடகைக்கு சொல்லியாச்சு, ரெகுலேட்டரும் குளிர் தண்ணிக்கானதுதான்னு கேட்டு வச்சுட்டேன்.

ஒரே ஒரு டவுட்டு. ஹூட் போட்டுப் பாத்தேன், காத இறுக்கிப் புடிக்குது. உள்ள காத சமன் பண்றது அதே மாதிரிதானே, இல்ல வேற ஏதாவது பண்ணணுமா?

மீன்கொத்தி:

நடுக்காதுக்கு அதே முறைதான், மூக்க புடிச்சு மெதுவா ஊதறது. ஹூட்ல வேற ஒரு சிக்கல் இருக்கு, அது ரொம்ப டைட்டா இருந்தா வெளிக் காதுத் துளைல காத்து அடைபட்டுக்கும், கீழ போறப்ப அந்தக் காத்து சுருங்கி செவிப்பறைய வெளிய இழுக்கும், நீங்க எவ்ளோ ஊதினாலும் வலி போகாது, ஊத ஊத கூடும். தண்ணில இறங்கினதும் ஒரு மீட்டருக்குள்ளயே ஹூட் ஓரத்த விரலால இழுத்து ரெண்டு காதுக்குள்ளயும் தண்ணிய விட்டுடுங்க, சில்லுன்னு உள்ள போறது தெரியும். அப்புறமும் வலிச்சா ஒரு மீட்டர் மேல வந்து மறுபடி இழுத்து விடுங்க. கழுத்துப் பக்கம் மூச்சு முட்டுதுன்னா சைஸ் சின்னது, வாடகைக்கு குடுக்கறவங்ககிட்ட அடுத்த சைஸ் கேளுங்க.